துத்தநாகத்திடமிருந்து எங்களைக் காப்பாற்றிய மாண்புமிகுக்களுக்கு

முதலில் நன்றி சொல்லிவிடுகிறோம். நன்றி மறந்தவர்கள் என்ற கெட்ட பெயர் காவிரிக்கரைக்காரர்களுக்கு வேண்டாம்.

இன்று வரைக்கும் டெல்டாவில் ஒரு துத்தநாக உருக்காலை வரவில்லை. தாமிர உருக்காலை வரவில்லை. அலுமினிய உருக்காலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு கப்பலை இழுத்துவந்து மன்னார்குடி வயலில் போட்டு உடைக்கும் துணிச்சல் எந்த முதலாளிக்கும் பிறக்கவில்லை. காரணம், 2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம். அதன் இரண்டாவது அட்டவணையில் இவை எல்லாவற்றுக்கும் தடை உண்டு. இரும்பு ஆலை, தோல் பதனிடும் ஆலை, எலும்பு அரைக்கும் ஆலை என்று பட்டியல் நீள்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஒரே ஒரு சந்தேகம். திருவாரூர் ஜில்லாவில் துத்தநாகம் உருக்க வந்தவர் யார்? அவர் பெயரையாவது சொன்னால் நாங்கள் பயந்தாவது வைப்போம். பெண் கேட்டே வராத மாப்பிள்ளைக்குப் பெண் தரமாட்டேன் என்று நடுத்தெருவில் நின்று கத்துவதற்கு வீரம் என்று பெயர் வைத்து, அதற்குப் பாராட்டு விழாவும் நடத்தி, விவசாயிகளை வைத்தே பட்டமும் வாங்கிக்கொண்டீர்கள். சரி, போகட்டும்.

அந்தப் பட்டியலில் உண்மையான சரக்கும் ஒன்று உண்டு. எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு ஆகியவற்றுக்கான ஆய்வும் துளையிடலும் எடுப்பும் கூடாது என்ற வரி. மற்றதெல்லாம் அந்த ஒரு வரிக்குப் போட்ட ஜோடனை. அந்த வரியும் யாருடைய கருணையிலும் வந்ததல்ல. 2011 ஜனவரியில் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்தோடு மீத்தேனுக்கு ஒப்பந்தம் போட்டது ஒரு மாநில அரசு. அதை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் கண்ணை மூடினார். 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் போராட்டத்தில் உட்கார்ந்தது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் உடைந்து வயலில் எண்ணெய் வழிந்தது. கேள்வி கேட்ட ஊருக்குத் தடியடியும் சிறையும் கிடைத்தன. 2020 ஜனவரி 16 அன்று எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்தே கேட்க வேண்டாம் என்று மத்திய அரசு அறிவிக்கை போட, டெல்டா மறுபடி கொதித்தது. அதன்பிறகுதான், மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 9ஆம் தேதி, அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சேலம் மாவட்டம் தலைவாசலில் ஒரு கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டிய கையோடு இந்த மண்டலத்தை அறிவித்தார். நானும் ஒரு விவசாயி என்று அடிக்கடி சொல்லிக்கொள்பவர். அதே சேலத்தில் 2018இல் எட்டுவழிச் சாலைக்காகப் போலீசை நிறுத்திவைத்து வயலுக்குள் எல்லைக்கல் நட்டபோது அந்த விவசாயி எங்கே போயிருந்தார் என்று அன்று மேடையில் யாரும் கேட்கவில்லை. கைதட்டல் சத்தத்தில் கேட்டிருக்கவும் முடியாது.

அறிவிக்கும்போது எட்டு மாவட்டம். பதினொரு நாள் கழித்து, பிப்ரவரி 20 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறும்போது திருச்சி இல்லை, கரூர் இல்லை, அரியலூர் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுசாக. கடலூரிலும் புதுக்கோட்டையிலும் கிள்ளிப்போட்டாற்போல் சில ஒன்றியங்கள். திருச்சி மாவட்டத்து லால்குடியில் விளைவது நெல் இல்லை போலிருக்கிறது. காவிரி கரூர் வழியாக வரும்போது வேறு ஏதோ ஜோலியாக வருகிறது, கல்லணையைத் தாண்டியதும்தான் அதற்கு விவசாயம் ஞாபகம் வருகிறது என்று ஏற்பாடு. கடலூரில் காட்டுமன்னார்கோவில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை என்று ஐந்து ஒன்றியங்களைச் சேர்த்தார்கள். நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய கம்மாபுரம் சேரவில்லை. கோடு போட்டவர் கையில் நிலக்கரி படாமல் ஜாக்கிரதையாகத்தான் போட்டிருக்கிறார்.

இனி சட்டத்தின் இருதயத்துக்கு வருவோம். அது தடைப்பட்டியலில் இல்லை, விலக்குப் பட்டியலில் இருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த எந்தத் திட்டத்துக்கும் இந்தச் சட்டத்தால் பங்கம் இல்லை. ஆக, வயலுக்கு நடுவே முப்பது நாற்பது வருஷமாக நிற்கும் ஓஎன்ஜிசி கிணறுகள் அத்தனைக்கும் மண்டலம் முழு மரியாதை தருகிறது. அடுத்த விலக்கு இன்னும் அழகு. துறைமுகம், குழாய்ப்பாதை, சாலை, தொலைத்தொடர்பு, மின்சாரம், குடிநீர் போன்ற உட்கட்டமைப்புத் திட்டங்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது.

குழாய்ப்பாதை! கதிராமங்கலத்தில் உடைந்தது என்ன, கோவில் கலசமா? குழாய்தானே உடைந்தது? எந்தக் குழாய்க்காக ஊரே அடிவாங்கியதோ அந்தக் குழாயை விலக்குப் பட்டியலில் உட்காரவைத்துவிட்டு, கதிராமங்கலத்துக்கே பாதுகாப்புத் தந்துவிட்டோம் என்று சொல்ல ஒரு தனித் தைரியம் வேண்டும். அது எல்லாக் கட்சிக்காரருக்கும் வாய்த்திருக்கிறது.

சட்டம் பிறந்து ஒரு வருஷம் முடிவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, 2021 பிப்ரவரி 17 அன்று, பிரதமர் காணொலியில் நாகப்பட்டினத்துக்கு ஒரு பிறந்தநாள் பரிசு அனுப்பினார். ஆண்டுக்கு 90 லட்சம் டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை, மதிப்பு 31,500 கோடி ரூபாய். இடம், அதே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தின் பனங்குடி. அடிக்கல் விழாவில் மாநில அரசுக்குச் சங்கடம் ஏதும் இல்லை. ஏனென்றால் சட்டப்படி எண்ணெயை எடுக்கத்தான் தடை. எங்கிருந்தோ கொண்டுவந்து காய்ச்சுவது பட்டியலிலேயே இல்லை. தோண்டினால் குற்றம், காய்ச்சினால் வளர்ச்சி. அந்த வளர்ச்சிக்காக 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கப்பட்டது. எடுத்துக்கொடுத்தது மாநில அரசின் வருவாய்த் துறை. மறுவாழ்வுத் தொகை எங்கே என்று கேட்டு பனங்குடிப் பக்கத்து விவசாயிகளும் குத்தகைதாரர்களும் கூலிக்காரர்களும் ரோட்டில் உட்கார்ந்தார்கள். மண்டலம் என்ற பெயர்ப்பலகை அவர்களுக்கு நிழலாகக்கூட உதவவில்லை.

நிலம் எடுப்பதைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்றும் சொல்லிவிடலாம். 2013இல் நாடாளுமன்றம் இயற்றிய நிலமெடுப்புச் சட்டத்தில் ஒரு நல்ல பிரிவு உண்டு. பாசன வசதியோடு பல போகம் விளையும் நிலத்தைக் கடைசி வழியாக, வேறு கதியே இல்லாதபோதுதான் எடுக்கலாம் என்பது அது. டெல்டாவுக்கென்றே எழுதினாற்போன்ற வரி. தமிழ்நாடு என்ன செய்தது? தன்னுடைய நெடுஞ்சாலைச் சட்டம், தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டம் உள்ளிட்ட மூன்று சட்டங்களுக்கு அந்த வரியெல்லாம் பொருந்தாது என்று 2014இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் அந்த மூன்று சட்டங்களும் செல்லாது என்றது. அந்த மாதமே புதிதாக ஒரு சட்டம் இயற்றி மூன்றையும் உயிர்ப்பித்தார்கள். அதுவும் 2013இலிருந்தே உயிரோடு இருந்ததாகக் கணக்கு. இவ்வளவு சுறுசுறுப்பு வாய்க்கால் தூர்வாருவதில் இருந்திருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போயிருக்கும். அதை உயிர்ப்பித்த அதே கைகள்தான் ஏழு மாதம் கழித்துப் பாதுகாக்கப்பட்ட மண்டலத்துக்கும் கையெழுத்துப் போட்டன. 2022இல் திருவையாறு புறவழிச்சாலைக்காக விளைந்து நின்ற பயிரின் மேல் மண்ணைக் கொட்டினார்கள். சாலை என்பது உட்கட்டமைப்பு. உட்கட்டமைப்பு என்பது விலக்கு. நெல் என்பது அப்போது என்ன என்று மட்டும் எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

இதற்குள், எதிர்க்கட்சிக்காரரை விட்டுவிட்டாயே என்று ஆளுங்கட்சிக் கரைவேட்டியும், ஆளுங்கட்சியை விட்டுவிட்டாயே என்று எதிர்க்கட்சிக் கரைவேட்டியும் முண்டாசு கட்டியிருப்பார்கள். பொறுங்கள், எல்லோருக்கும் இலை போட்டிருக்கிறது. 2020இல் திமுக எதிர்க்கட்சி. மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பு, விட்டுப்போன திருச்சி, கரூர், அரியலூரைச் சேர், ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளை மூடு என்று கேட்டது. கேட்டதெல்லாம் நியாயம். வரிக்கு வரி நியாயம். 2021 மே மாதத்தில் அதே கட்சி ஆட்சிக்கு வந்தது. திருச்சி சேர்ந்ததா? கரூர் சேர்ந்ததா? கிணறுகள் மூடப்பட்டனவா? விலக்குப் பிரிவில் ஒரு எழுத்தாவது அழிந்ததா? ஒரு திருத்தம் வந்தது, மறுக்கவில்லை. 2023 அக்டோபரில். நாகப்பட்டினத்திலிருந்து 2020 டிசம்பரில் பிரிந்துபோன மயிலாடுதுறையின் பெயரைச் சட்டத்தில் எழுதினார்கள். ஏற்கெனவே மண்டலத்துக்குள் இருந்த நிலத்துக்குப் புதிய பெயர் எழுத மூன்று வருஷம். இருக்கிற ஊரின் பெயர் எழுதவே இவ்வளவு காலம் என்றால், இல்லாத ஊரைச் சேர்க்க எங்கள் பேரன்கள்தான் வரவேண்டும்.

அதே 2023ஆம் வருஷம், ஏப்ரல் 21 அன்று, விவாதமே இல்லாமல் இன்னொரு சட்டம் நிறைவேறியது. சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். நூறு ஹெக்டேருக்குக் குறையாத திட்டம் என்றால், அந்த இடத்துக்குள் ஏரி, குளம், வாய்க்கால், ஓடை இருந்தாலும் திட்டத்தோடு சேர்த்து ஒப்படைக்க வழி செய்யும் சட்டம். ஒரு பையில் மண்டலத்தைக் காக்கும் சட்டம், இன்னொரு பையில் வாய்க்காலைச் சேர்த்துக் கொடுக்கும் சட்டம். எந்த மேடைக்குப் போகிறோமோ அந்தப் பையில் கைவிட்டுக்கொள்ளலாம்.

மண்டலத்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மனசு வரவில்லை. 2023 மார்ச் கடைசியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏல அறிவிப்பில் தஞ்சாவூர் வடசேரி, கடலூர் சேத்தியாத்தோப்புக் கிழக்கு, அரியலூர் மைக்கேல்பட்டி என்று மூன்று இடங்களைச் சேர்த்தது. முதல்வர் கடிதம் எழுதினார், சட்டமன்றம் ஒரே குரலில் பேசியது, எதிரும் புதிருமான கட்சிகள் எல்லாம் டெல்லிக்குத் தூது போயின. ஏப்ரல் 8 அன்று மூன்றும் பட்டியலிலிருந்து நீங்கின. அந்த வாரம் மண்டலம் என்ற சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. எல்லோரும் தங்கள் தங்கள் வெற்றி என்று போஸ்டர் ஒட்டினார்கள். ஒட்டிக்கொள்ளட்டும். ஆனால் நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் கதிர் வரப்போகிற நெற்பயிருக்குள் நெய்வேலிச் சுரங்க நிறுவனமான என்எல்சியின் பொக்லைன்கள் இறங்கின. வாய்க்கால் வெட்ட. நிலத்தை எப்போதோ கையகப்படுத்தி பணமும் கொடுத்தாயிற்று என்பது நிறுவனத்தின் வாதம். அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுத்திருக்கக்கூடாதா என்று நீதிபதி மனம் வெதும்பினார். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். மண்டலத்தின் எல்லைக்கோடு அந்த வயலுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற பூகோள விவாதம் பொக்லைனுக்குத் தெரியாது, பயிருக்கும் தெரியாது. மத்திய அரசு நிறுவனத்துக்கு மாநிலப் போலீஸ் காவல் நின்றது என்பது மட்டும் ஊருக்குத் தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் நிலத்தின் கதை. இனி நிலம் யாருடையதோ அவர்களின் கதை.

நிலச் சொந்தக்காரர் என்றால் கோட்டையில் இன்னும் பழைய படம்தான் ஓடுகிறது: வெள்ளிப்பூண் தடியும் வில்வண்டியுமாக ஒரு மிராசு. கீழ்வெண்மணியில் கூலி கேட்ட சேரியில் 44 பேர் எரிக்கப்பட்ட 1968ஐ இந்த மண் மறக்காது, மறக்கவும் கூடாது. ஆனால் அந்த வேலிக்கணக்கு நிலங்கள் பல கைமாறி, பாகம் பிரிந்து, இன்று டெல்டாவில் நிலக்காரர் என்றால் பெரும்பாலும் மூணு மா, ஆறு மா வைத்திருக்கும் குடும்பம். மூணு மா என்றால் ஒரு ஏக்கர். கோவில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்குச் செய்கிறவருக்கு அதுவும் இல்லை. பட்டா வேறு பெயரில் இருப்பதால் நிவாரணம் என்றாலும் காப்பீடு என்றாலும் அவர் வரிசையின் கடைசி ஆள். பாதுகாக்கப்பட்ட மண்டலத்தில் அவர் யார் என்று சட்டத்துக்கே தெரியாது.

அந்த ஒரு ஏக்கர்க்காரரை ஏதாவது ஒரு வங்கிக் கிளைக்குள் அனுப்பிப் பாருங்கள். பேச்சு இப்படித்தான் போகும்.

“சார், பொண்ணு நர்சிங் படிக்கணும்கிறா. கடன் கேட்டு வந்தேன்.”

“நல்லதுங்க ஐயா. ஈட்டுக்கு என்ன வச்சிருக்கீங்க?”

“மூணு மா நஞ்சை இருக்குங்க. ஆத்துப் பாசனம். கவர்மெண்டே பாதுகாக்கிற எடம்.”

“விவசாய நிலம்னா கஷ்டங்க. கட்டலேன்னா நாங்க நேரடியா ஏலம் விட முடியாது, சட்டம் அப்படி. மனை ஏதும் இருக்கா?”

“மனை இருந்தா அதை வித்துட்டே படிக்க வச்சிருப்பேனே சார்.”

“அப்ப நகை?”

“நகை கூட்டுறவு சங்கத்துல இருக்குங்க. குறுவைக்கு வச்சது.”

மேலாளரைக் குறை சொல்ல முடியாது. கடன் கட்டாதவர் சொத்தை வங்கிகள் கோர்ட்டுக்குப் போகாமலே எடுத்து விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டுச் சட்டம், விவசாய நிலத்தை விட்டுவைத்திருக்கிறது. அதுவும் விவசாயியைப் பாதுகாக்கத்தான். பாதுகாப்புக்கு மேல் பாதுகாப்பு. மூச்சுவிடத்தான் இடமில்லை.

சரி, நிலத்தை விற்றுவிடலாம் என்றால்? அதற்குத் தடையே இல்லை. இங்கேதான் இந்த மண்டலத்தின் பெரிய தமாஷ் இருக்கிறது. இரண்டாவது அட்டவணையை எத்தனை தடவை புரட்டினாலும் ரியல் எஸ்டேட் என்ற சொல் அதில் கிடையாது. கும்பகோணத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும் நேற்று நடவு நட்ட வயலில் இன்று மஞ்சள் சிவப்புக் கொடியும் கல்லும் நட்டிருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடம், உடனே வீடு கட்டலாம், டிடிசிபி அப்ரூவ்டு. நெல் வயல் மனையாக மாற அனுமதி வாங்கித் தரும் வழியும் தெம்பும் புரோக்கருக்கு உண்டு, வயல்காரருக்குக் கிடையாது. அவர் மா கணக்கில் விற்பார், புரோக்கர் சதுர அடிக் கணக்கில் விற்பார். பக்கத்து மனை சதுர அடி விலையில் போய்க்கொண்டிருக்கும்போதே அரசாங்கம் சாலைக்கு நிலம் எடுக்க வந்தால், வயலுக்கு வழிகாட்டி மதிப்பு ஏக்கர் கணக்கில்தான். வயல் வயலாகவே இருந்த குற்றத்துக்கு அபராதம் அது. துத்தநாகக்காரருக்கு 50 லட்சம், நெல்காரருக்கு அவர் நிலமே.

அப்படியென்றால் நிலத்தை வைத்துக்கொண்டு விவசாயமே பார்க்கட்டும். பாதுகாத்திருப்பதே அதற்குத்தானே? பார்ப்போம்.

விவசாயத்துக்கு முதலில் தண்ணீர் வேண்டும். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் காவிரிப் பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. அந்த 177.25ஐயும் ஒவ்வொரு வருஷமும் மடைக்கு மடை சண்டை போட்டு வாங்க வேண்டும். 2023இல் ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது. நம்பி குறுவை போட்டார்கள். அணை வற்றி அக்டோபர் 10 அன்று மூடிவிட்டார்கள். கடைமடையில் பயிர் கருகியது. அந்த வருஷக் குறுவைக்குப் பயிர்க் காப்பீடும் இல்லை. அரசு நிவாரணம் அறிவித்தது. ஹெக்டேருக்கு 13,500 ரூபாய்.

இந்தத் தொகையைக் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள். அதற்குக் கிட்டத்தட்ட ஏழு வருஷத்துக்கு முன், 2017 ஜனவரியில், மாநிலம் முழுவதும் வறட்சி என்று அறிவித்து அன்றைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் நெல்லுக்கு நிவாரணம் தந்தார். ஏக்கருக்கு 5,465 ரூபாய். ஹெக்டேருக்கு எத்தனை என்று பெருக்கிப் பாருங்கள். அதே 13,500. இரண்டு கட்சி, மூன்று முதல்வர்கள். உழவுக்கூலி ஏறியது, டீசல் ஏறியது, யூரியா மூட்டைக்கு வரிசை நீண்டது, நடவாள் கூலி ஏறியது. கருகிய பயிரின் விலை மட்டும் ஒரு பைசா ஏறவில்லை. எம்எல்ஏ சம்பளத்தை ஏழு வருஷம் இப்படி ஒரே இடத்தில் பாதுகாத்து வைத்தால் சட்டமன்றம் எத்தனை நாள் அமைதியாக நடக்கும்?

தண்ணீர் வந்து, புயல் வராமல், விளைந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். மண்டலத்தின் நெல் எங்கே போகும்? நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு. அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கக்கூடாது என்பது விதி. ஐப்பசி மழையில், திறந்த களத்தில், சாலையோரத்தில், தார்ப்பாய்க்கு அடியில் நாள்கணக்கில் வரிசையில் கிடக்கும் நெல்லுக்கு விதி அது. 2025 அக்டோபரில் தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் சாலை நெடுக நெல் குவியல் நனைந்து முளைவிட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஈரப்பதத்தை 22 சதவீதமாகத் தளர்த்துங்கள் என்று மாநிலம் மத்திய அரசைக் கேட்டது, மத்தியக் குழு வந்து நெல்லைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தது, மழை தன்பாட்டுக்குப் பெய்தது. களம் போட, கொட்டகை போட, சாக்கு முன்கூட்டி வாங்கிவைக்க எந்த டெல்லியின் அனுமதியும் வேண்டாம். சிப்பத்துக்கு நாற்பது ரூபாய், ஐம்பது ரூபாய் என்று நடக்கும் தனி வசூலை நிறுத்தவும் டெல்லி வேண்டாம். ஒவ்வொரு விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் யாராவது ஒருவர் அதைப் பற்றி எழுந்து பேசுகிறார். மைக்கில் பேசுகிறார். கலெக்டர் குறித்துக்கொள்கிறார்.

விலையா? குவிண்டாலுக்கு 2,500 என்பது 2021 தேர்தலில் கொடுத்த வாக்கு. 2025 செப்டம்பரில் அந்த எண்ணைத் தொட்டார்கள். அதற்குள் நாலு வருஷச் செலவு அதை விழுங்கிவிட்டது. வாக்குறுதி நிறைவேறியது என்று அதற்கும் ஒரு போஸ்டர்.

இந்தக் கூட்டல் கழித்தலைப் பார்க்கும் குடும்பத்தில் என்ன நடக்கும்? மூத்தவன் சிங்கப்பூருக்குப் போகிறான், இளையவன் திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறான். விவசாயம் பார்க்கிற மாப்பிள்ளையா என்று தரகர் இழுக்கிறார். வயலில் மிஞ்சுவது அறுபது தாண்டிய அப்பாவும் முட்டிவலி அம்மாவும். அவர்கள்தான் இன்று நீங்கள் பாதுகாக்கும் வேளாண் மண்டலம். அவர்கள் உயிரோடு இருக்கும்வரை அது நஞ்சை. அப்புறம் அது லேஅவுட்.

மண்டலத்தை நீக்கு என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஆசைப்பட்டுக் காத்திருக்கிறவர்கள் வேறே இருக்கிறார்கள்; அவர்கள் வாயில் என் வார்த்தை போகவேண்டாம். மீத்தேன் கிணறு இன்னும் இருநூறு வராமல் இருப்பது இந்த ஒரு வரியால்தான் என்றால் அந்த வரி இருக்கட்டும், இன்னும் கெட்டியாக இருக்கட்டும். என் ஆத்திரமெல்லாம் கணக்கைப் பற்றியது. ஊருக்கெல்லாம் சோறு வேண்டும், அதற்கு இந்த நிலம் வயலாகவே இருக்க வேண்டும் என்று கோட்டை முடிவெடுக்கிறது. நல்ல முடிவு. அந்த முடிவின் செலவை மட்டும் ஏன் ஒரு ஏக்கர்க்காரர் தலையில் எழுதுகிறீர்கள்? சென்னையில் அடையாற்றுக்கரை மாளிகைக்காரரிடம், உங்கள் இடம் ஊரின் மூச்சுக்குத் தேவை, அதனால் இனி இது தோட்டமாகவே இருக்கட்டும், விலை மட்டும் நாங்கள் சொன்னதுதான் என்று ஒரு நாள் சொல்லிப் பாருங்களேன். மறுநாள் காலை எத்தனை மூத்த வக்கீல்கள் கோர்ட் படியேறுவார்கள்! டெல்டாக்காரரிடம் சொன்னால் அவர் மாலை போட்டுப் பட்டம் கொடுக்கிறார். அவருடைய இந்த நல்ல குணத்தைத்தான் நீங்கள் இத்தனை வருஷமாக முதலீடு இல்லாமல் அறுவடை செய்கிறீர்கள்.

பொதுநன்மைக்காக ஒருவர் நிலத்தைக் கட்டிப்போடுகிற அரசு, கட்டிப்போட்டதற்கு வருஷாவருஷம் ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் தரவேண்டும். இது பிச்சை அல்ல, வாடகை. உழுகிறவர் குத்தகைதாரர் என்றால் அது அவர் கைக்கும் போகவேண்டும். மண்டலத்துக்குள் விளையும் நெல் அத்தனையையும் அறுத்த வாரத்துக்குள் எடுக்கக் களமும் கொட்டகையும் சாக்கும் வேண்டும். எண்ணெய்க் குழாயும் சுத்திகரிப்பு ஆலையும் ரியல் எஸ்டேட்டும் தடைப்பட்டியலில் ஏற வேண்டும். உட்கட்டமைப்பு என்ற ஓட்டையை அடைக்க வேண்டும். இதற்கெல்லாம் டெல்லிக்குத் தூது போக வேண்டாம். சட்டம் மாநிலச் சட்டம். அதன் அதிகார அமைப்புக்குத் தலைவரே முதலமைச்சர்தான். அந்த நாற்காலியில் எந்தக் கட்சிக்காரர் உட்கார்ந்தாலும் பேனா அவர் கையில்தான் இருக்கிறது.

தட்டில் பொன்னியோ சீரகச் சம்பாவோ போட்டுச் சாப்பிடுகிற வாசகரே, உங்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். டெல்டாவைக் காத்தவர் என்று சொல்லிக்கொண்டு யார் வாக்குக் கேட்டு வந்தாலும் மண்டலச் சட்டத்தின் விலக்குப் பிரிவை எந்தத் தேதியில் நீக்குவீர்கள் என்று மட்டும் கேளுங்கள். பதில் தேதியாக வராவிட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.